நீர் சுமக்க மணல் அறுக்கும் இரும்பு
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

"தண்ணீரைக் கொண்டு இரும்பை அறுக்கலாம்" என்று ஒருவர் கூறினால் கேட்போரில் பாதிப்பேர் சிரிப்பர். மீதிப்பேர் அது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று எண்ணிப் பேசாதிருப்பர். ஆனால் கோவையிலும், ஓசூரிலும், சென்னை அம்பத்தூரிலும் இத்தொழில் நாள்தோறும் நடக்கின்றது. வரைபடத்தையும் தகட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்ட வடிவத்தில் வெட்டித் தருகிறார்கள். ஆயிரம் வேண்டுமென்பதில்லை, ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் செய்து தருவார்கள். பட்டறைக்காரர்கள் இதனை 'வாட்டர்ஜெட்' என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இதில் உலோகத்தை அறுப்பது உண்மையில் மணல்தான். நீர் அம்மணலைச் சுமந்துகொண்டு ஓடும் வண்டி. அறுபடும் உலோகமோ சூடேறுவதில்லை. இவ்விரண்டு செய்திகளையும் மனத்தில் வாங்கிக்கொண்டால் எந்த வேலைக்கு இம்முறையை நாடலாம், எதற்கு நாடினால் பணம் வீண் என்பது தானே விளங்கும். இதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. முதலாண்டில் நாம் படித்த பாஸ்கல் விதியும் பெர்னூலி தேற்றமும் போதும்.

நெருப்பால் வெட்டுவதில் உள்ள குறை

என் தந்தையார் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேஸ் கட்டிங் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான் என்றாலும், இரும்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கு நான் கண்டதைச் சொல்வது இங்கே பொருந்தும்.

எங்கள் பகுதியில் நார் மில்கள் மிகுதி. தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும் இயந்திரத்தில் சுழலும் உருளை ஒன்று உண்டு. அதில் வரிசையாக இரும்புப் பிளேடுகளைப் பொருத்தியிருப்பார்கள். மட்டையோடு மண்ணும் சேர்ந்து வருவதால் பிளேடுகள் விரைவில் தேய்ந்துபோகும். ஒரு மில் உரிமையாளர், தேய்மானத்தைத் தாங்கும் கடினப்படுத்திய எஃகுத் தகடு, 12 மி.மீ. தடிமனில், நல்ல விலை கொடுத்து வாங்கினார். வேறொரு பட்டறையில் கேஸ் வைத்து அதனை வெட்டி, 24 பிளேடுகள் மாட்டினார். பழைய பிளேடுகளைவிடச் சற்றே கூடுதலாக உழைத்தனவேயன்றிக் கொடுத்த விலைக்கு உழைக்கவில்லை. தகட்டை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் முடிவு கட்டினார். பாக்கித் தொகையைக் கொடுக்க முடியாது என்று சண்டைக்கே ஆயத்தமாகிவிட்டார். போகும் வழியில் எங்கள் பட்டறையில் நின்று, "இதைப் பாருங்க மேஸ்திரி, மைல்டு ஸ்டீலை ஒசத்தித் தகடுன்னு குடுத்துட்டாங்க" என்று ஒரு பிளேடை மேசைமேல் போட்டார்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அரத்தை எடுத்துப் பிளேடின் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அரம் கடித்துத் தூள் விழுந்தது. பிறகு பிளேடின் நடுப்பரப்பில் இழுத்தார். அங்கே அரம் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. "தகடு நல்ல தகடுதானுங்க. வெட்டுன சூட்டுல ஓரம் செத்துப்போச்சு" என்றார். பணத் தகராறு அந்த அளவில் நின்றது.

'ஓரம் செத்துப்போச்சு' என்று அவர் கூறியதைத்தான் நம் புத்தகங்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட பகுதி என்கின்றன. இத்தகைய தகட்டை ஆலையில் செஞ்சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினப்படுத்தியிருப்பார்கள். மறுபடியும் சுமார் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு ஏறினால் அந்தக் கடினம் தளரத் தொடங்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டுமுகத்தில் இரும்பு ஆக்சிஜனில் எரிந்தே போகிறது. அச்சூடு பக்கவாட்டில் பல மி.மீ. தூரம் பரவுகிறது. நார் மில் பிளேடு தேய்வதோ அந்த ஓரத்தில்தான். விலை கொடுத்து வாங்கிய கடினம் எங்கே வேண்டுமோ அங்கேயே அழிந்துவிட்டது.

நெருப்பால் வெட்டுவதில் வேறு தொல்லைகளும் உண்டு. எவர்சில்வரையும் அலுமினியத்தையும் கேஸ் கட்டரால் வெட்ட முடியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே உள்ளே உருகி வழியுமேயன்றி நேராக வெட்டுப்படாது. பிளாஸ்மாவும் லேசரும் இவற்றை வெட்டும். எனினும் அவையும் வெப்ப முறைகளே. லேசரில் சூடு பாதிக்கும் பட்டை மிகக் குறுகியது. பல வேலைகளுக்கு அது குறையே அன்று. ஆனால் தடித்த செம்பு, டைட்டானியம், கருங்கல், ரப்பர், கண்ணாடி என்று பல்வகைப் பொருள்களையும் ஒரே இயந்திரத்தில் சூடின்றி அறுக்க வேண்டுமென்றால் வாட்டர்ஜெட் ஒன்றே வழி.

நாற்பது கிலோமீட்டர் உயர நீர்

இனி இயந்திரத்தினுள் நடப்பதைக் காண்போம். பத்து மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். வாட்டர்ஜெட்டில் வழக்கமாக வேண்டப்படுவது ஏறத்தாழ 4,000 பார். தொட்டி கட்டி இதைப் பெறுவதென்றால் தொட்டி 40 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ள அழுத்தத்தைப்போல் இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 6,000 பாருக்கு மேல் போகும் பம்புகளும் இப்போது உள்ளன.

இவ்வளவு அழுத்தத்தைத் தருவது பாஸ்கல் விதி. பம்பினுள் ஒரு பக்கம் பெரிய பிஸ்டன். அதை எண்ணெய் தள்ளுகிறது. அதே தண்டின் மறுமுனையில் சிறிய பிளஞ்சர். அது நீரைத் தள்ளுகிறது. பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதன் பரப்பைப்போல் 20 மடங்கு என்று கொள்வோம். எண்ணெயில் 200 பார் கொடுத்தால் நீரில் 4,000 பார் வந்துவிடும். மண் அள்ளும் ஜே.சி.பி. இயந்திரத்திலும் எண்ணெய் ஏறத்தாழ இதே அளவு அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதில் வியப்பு ஏதுமில்லை. பரப்பின் விகிதத்தில்தான் வித்தை இருக்கின்றது.

இங்கே ஒரு சுவையான செய்தி. நீர் அமுங்காத திரவம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். 4,000 பாரில் நீரின் பருமன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது! அதுவும் ஒருவகையில் உதவியாகவே அமைகிறது. பிளஞ்சர் ஒரு முனைக்குப் போய்த் திரும்பும் கணத்தில் அழுத்தம் சற்றே விழும். அவ்வாறு விழுந்தால் வெட்டுமுகத்தில் வரி விழும். அதைத் தடுக்கக் கனத்த சுவருடைய உருளைக் கலம் ஒன்றைப் பம்பை அடுத்து வைத்திருக்கிறார்கள். அதனுள் சுருங்கி நிற்கும் நீர், பிளஞ்சர் திரும்பும் கணத்தில் விரிந்து, குறைந்ததை ஈடுசெய்கிறது. நீர் உண்மையிலேயே அமுங்காததாயிருந்தால் இக்கலத்தால் பயனே இல்லை.

இவ்வழுத்த நீர் ஒரு நுண்துளை வழியே வெளியேறுகிறது. துளையின் விட்டம் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை. எஃகில் துளை போட்டால் விரைவில் அரித்துப்போகும் என்பதால் ரூபி, நீலக்கல், வைரம் ஆகியவற்றில் போடுகிறார்கள். நகைக்கடையில் காணும் கற்களை இரும்புப் பட்டறையில் காண்பது விந்தையே. இவை பெரும்பாலும் செயற்கையாக வளர்த்த கற்கள் என்பதால் விலையைக் கேட்டு மயங்கி விழ வேண்டியதில்லை. ரூபியைக் காட்டிலும் வைரம் பல மடங்கு நாள் உழைக்கும்.

வெளிவரும் வேகத்தை நாமே கணக்கிடலாம். அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். 4,000 பார் என்பது 40 கோடி பாஸ்கல். இரண்டால் பெருக்க 80 கோடி. நீரின் அடர்த்தி 1,000 ஆல் வகுக்க 8 லட்சம். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 894. அதாவது விநாடிக்கு 894 மீட்டர். நீர் சுருங்குவதையும் உராய்வையும் கழித்தாலும் 800 மீட்டருக்குக் குறையாது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். இதனால்தான் அவ்வியந்திரம் காதைப் பிளக்கும் ஓசை எழுப்புகிறது. வெட்டுமுனையை நீருக்கடியில் வைத்து வெட்டினால் ஓசை பெரிதும் அடங்கும்.

இவ்வளவு வேகமிருந்தும் செலவாகும் நீர் மிகக் குறைவு. 0.35 மி.மீ. துளையில் நிமிடத்திற்குச் சுமார் 3.5 லிட்டர், ஒரு மணி நேரத்திற்கு 210 லிட்டர், அதாவது நம் வீட்டுக் குடத்தில் பதினான்கு குடம். ஆனால் அழுத்தத்தையும் பாயும் அளவையும் பெருக்கிப் பாருங்கள்: 23 கிலோவாட், ஏறத்தாழ 31 குதிரைத்திறன் வருகிறது. தோட்டத்துக் கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் ஆறின் ஆற்றலை, தலைமயிரைப்போல் நான்கைந்து மடங்கே தடிமனுள்ள ஒரு தாரையில் திணித்தது போன்றது இது.

மணலின் வேலை

இத்தனை ஆற்றல் இருந்தும் வெறும் நீர் தடித்த உலோகத்திடம் தோற்றுவிடுகிறது. அட்டை, நுரை ரப்பர், தோல், துணி, காய்கறி, கேக் ஆகியவற்றை வெறும் நீரே நன்றாக வெட்டும். தொழிலின் வரலாறும் அப்படித்தான் தொடங்கியது. நார்மன் ஃபிரான்ஸ் என்னும் அமெரிக்க வனவியல் பொறியாளர், மரத்தை நீரால் அறுக்க முடியுமா என்று 1950களில் சோதித்தார். கனத்த எடையை நீர்மேல் விழச்செய்து கணநேரத் தாரையை உண்டாக்கினாராம். 1970களின் தொடக்கத்தில் காகித அட்டை வெட்டும் தொழிலில் இது புகுந்தது. உலோகத்திற்கு வழி பிறந்தது அதன் பின்னர்தான். ஃப்ளோ என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய முகமது ஹஷீஷ், 1979 முதல் தாரையில் தேய்மணலைக் கலந்து ஆராய்ந்தார். 1980களில் அம்முறை சந்தைக்கு வந்தது.

மணலைக் கலக்கும் முறை எளிது. நுண்துளைக்குக் கீழே ஒரு சிறு அறை இருக்கிறது. நீர்த்தாரை அதனூடே பாயும்போது அறையில் அழுத்தம் தாழ்கிறது. பக்கத்துக் குழாய் வழியே காற்றும் மணலும் தாமே உறிஞ்சப்பட்டு உள்ளே வருகின்றன. நம் ஆய்வுக்கூடத்தில் குழாயில் மாட்டும் நீர் உறிஞ்சு பம்பு இதே தத்துவத்தில் இயங்குவதுதான். அறைக்குக் கீழே டங்ஸ்டன் கார்பைடால் ஆன கலவைக் குழாய். ஒரு சாணுக்கும் குறைவான நீளம், உள்விட்டம் 0.8 முதல் 1 மி.மீ. வரை. இக்குழாயினுள்தான் நீர் தன் வேகத்தை மணலுக்குக் கொடுக்கிறது.

மணல் என்றால் ஆற்றுமணல் அன்று. கார்னெட் என்னும் செந்நிறக் கனிமம். கடினத்தில் குவார்ட்சை ஒத்தது அல்லது சற்று மேல். அடர்த்தியில் நீரைப்போல் நான்கு மடங்கு. உடைந்தாலும் கூர்மையான விளிம்புகளோடு உடையும். பொதுவாக ஒரு மணியின் அளவு 0.2 மி.மீ. இருக்கும். நிமிடத்திற்கு 400 கிராம் செலவு என்று வைத்துக்கொண்டு, ஒரு மணியைக் கோளமெனக் கருதி எடையைக் கண்டுபிடித்து வகுத்தேன். விநாடிக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் மணிகள் வந்தன. நீர் நிமிடத்திற்கு 3.5 கிலோ, மணல் 0.4 கிலோ என்று உந்த மாறாக் கணக்குப் போட்டால், கலந்தபின் வேகம் விநாடிக்கு 700 மீட்டரை ஒட்டி வருகிறது. அது காகிதக் கணக்கு. குழாயில் மோதியும் காற்றோடு கலந்தும் உண்மையில் இதனினும் குறையும். குறைந்தாலும் துப்பாக்கிக் குண்டின் வேகம்தான்! ஒவ்வொரு மணியும் உலோகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சீவலை எடுக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்த எறும்புகள் விநாடிக்கு நான்கு லட்சம் ஊர்கின்றன என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மணியும் மோதும் இடத்தில் கணநேரச் சூடு உண்டாகத்தான் செய்கிறது. உடன் வரும் நீரே அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது. வெட்டி முடித்த துண்டை உடனே வெறுங்கையால் எடுக்கலாம். கடினப்படுத்திய எஃகு அதே கடினத்தோடு இருக்கிறது. தகடு வளைவதும் நெளிவதும் இல்லை. ஓரத்தில் கசடு இல்லை. பிசிறு மிகச் சிறிது.

வெட்டுமுகம் சொல்லும் செய்தி

வாட்டர்ஜெட்டில் வெட்டிய தடித்த துண்டு ஒன்று கிடைத்தால் அதன் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். மேல்பாதி மணல்தாள் தேய்த்ததுபோல் ஒரே சீராயிருக்கும். கீழே போகப்போக வரிகள் தோன்றி, பின்னோக்கி வளைந்திருக்கும். தாரை என்பது இரும்பு வாளைப்போல் விறைப்பானதன்று. மேலே வெட்டிக் களைத்த மணல் கீழே செல்கையில் வலுவிழக்கிறது. வெட்டுமுனை முன்னே நகர, தாரையின் வால் பின்தங்குகிறது. நேர்க்கோட்டில் இதனால் கேடில்லை. மூலையில் திரும்பும்போதுதான் வால் வேறு வழியில் இழுபட்டு அடிப்பக்கத்தைக் கெடுக்கும். ஆகவே கணினி மூலைக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறது. வளைவின் ஆரம், தடிமன், உலோகம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒவ்வோர் அங்குலத்திலும் வேகத்தை மாற்றிக் கணக்கிடும் கணினி நிரல்கள் வந்த பிறகே இத்தொழிலில் நுட்பமான பாகங்கள் எளிதாயின.

வெட்டின் அகலம் சுமார் 1 மி.மீ. மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பது வழக்கம். இதைப் பட்டறையில் 'டேப்பர்' என்கிறார்கள். மெதுவாக வெட்டினால் டேப்பர் குறையும். ஆனால் நேரமும் செலவும் ஏறும். வெட்டுமுனையைச் சிறிதே சாய்த்து, பாகத்தின் பக்கம் செங்குத்தாகவும் கழிவின் பக்கம் முழுச் சாய்வாகவும் வரும்படி செய்யும் இயந்திரங்களும் உண்டு.

எல்லாவற்றையும் இது வெட்டும் என்று விளம்பரத்தில் படிப்பதை அப்படியே நம்பவேண்டாம். சாதாரணக் கண்ணாடியை வெட்டும். டெம்பர் செய்த கண்ணாடியில் தாரை பட்டவுடன் முழுத்தகடும் பொடிப்பொடியாகிவிடும், ஏனெனில் அதனுள் அடைபட்ட தகைவு ஒரே நொடியில் விடுபடுகிறது. அடுக்கடுக்காய் ஒட்டிய பொருள்களில் முதல் துளையிடும்போது நீர் அடுக்குகளுக்கிடையே புகுந்து பிரித்துவிடலாம். அதற்குக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கும் தனி முறை வேண்டும்.

வேலை கொடுப்பவர் அறிய வேண்டுவன

நார் மில் உரிமையாளர் இரண்டாம் முறை தகடு வாங்கியபோது, அதனைக் கோவையில் ஒரு வாட்டர்ஜெட் கூடத்திற்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. டிராயிங் போடும் வேலை எனக்கு வந்தது. பிளேடு 150 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 16 மி.மீ. துளை இரண்டு. சுற்றளவு 400, துளைகளின் சுற்று இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 100. ஆக ஒரு பிளேடுக்கு அரை மீட்டர் வெட்டு. நிமிடத்திற்கு 120 மி.மீ. வேகம் என்றால் நான்கு நிமிடம் சொச்சம். துளையிட்டுத் தொடங்கும் நேரமும் சேர்த்து ஐந்து நிமிடம். 24 பிளேடுகளுக்கு இரண்டு மணி நேரம். இதே தடிமனை நல்ல லேசர் இயந்திரம் பத்து மடங்கு விரைவாக முடித்துவிடும். வாட்டர்ஜெட்டில் கூலி பெரும்பாலும் இயந்திரம் ஓடும் நேரத்தைப் பொறுத்தே அமைவதால், வெட்டு நீளத்தைக் குறைப்பதே பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி. பிளேடுகளை அடுத்தடுத்து அடுக்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒரே கோடு போகுமாறு டிராயிங் போட்டால் நீளம் கணிசமாகக் குறையும்.

டிராயிங்கில் கோடுகள் ஒன்றையொன்று தொட்டு மூடியிருக்க வேண்டும். அளவு ஒன்றுக்கு ஒன்று என்றிருக்க வேண்டும். உள்மூலை கூராக வராது. தாரையின் பாதி அகலம் அளவுக்கு வளைந்தே வரும். மரை வேண்டிய துளையையும், பேரிங் உட்காரும் துளையையும் சிறிதாக வெட்டி வாங்கி, பிறகு லேத்திலோ டிரில்லிங்கிலோ முடிப்பதே நல்லது. ஏனெனில் வாட்டர்ஜெட்டில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை மாறுதல் இயல்பு. எந்த ஓரம் முக்கியம், எந்த ஓரம் எப்படியிருந்தாலும் சரி என்பதைக் குறித்துக் கொடுத்தால், முக்கியமல்லாத ஓரத்தை விரைவாக வெட்டிக் காசைக் குறைப்பார்கள். சிறிய பாகமென்றால் அறுந்து தொட்டிக்குள் விழுந்துவிடும். அதைத் தடுக்க ஓரிடத்தில் மெல்லிய இணைப்பு விட்டு வைக்கச் சொல்ல வேண்டும். ஒரே பாகத்தில் இத்தனையும் பார்க்க வேண்டுமா என்று சலித்துக்கொள்வோர் உண்டு. ஒரே ஒரு பாகம் செய்யும்போதுதான் இவை மிகவும் தேவை, ஏனெனில் இரண்டாவது முறை திருத்தத் தகடு இராது.

பிளேடுகள் வந்தன. தந்தையார் வழக்கம்போல் அரத்தை எடுத்தார். இம்முறை ஓரத்திலும் வழுக்கியது. "தண்ணி நல்லாத்தான் அறுத்திருக்குது கண்ணு" என்றார். "தண்ணி இல்லீங்கப்பா, மணலு" என்றேன். சற்று நேரம் கழித்து, "இந்தத் தகட்டுக்குச் செரி. மைல்டு ஸ்டீல்ல ஒருத்தன் கேட்டா அங்க அனுப்பாதே, என்ற டார்ச்சே போதும்" என்றார். அவர் கூறியது தொழிற் பற்றினால் மட்டுமன்று. கடினப்படுத்தாத இரும்பில் ஓரம் சூடேறினால் இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதற்குப் பல மடங்கு கூலி கொடுப்பது வீண்செலவு.

மணல் வரும் வழியும் போகும் வழியும்

நிமிடத்திற்கு 400 கிராம் என்பது சிறிதாகத் தோன்றும். மணிக்கு 24 கிலோ ஆகிறது. ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு 25 கிலோ மூட்டை! எங்கள் 24 பிளேடுகளுக்கு இரண்டு மூட்டை. இயந்திரத்தை ஓட்டும் செலவில் பெரும்பங்கு மின்சாரத்திற்கும் நீருக்கும் போகவில்லை. இந்த மணலுக்கே போகிறது.

அம்மணலின் பிறப்பிடங்களுள் நம் தென் கடற்கரையும் ஒன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரங்களில் சில இடங்களில் கரை செம்மை படர்ந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இல்மனைட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டும் அங்கே கலந்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து உலக நாடுகளின் வாட்டர்ஜெட் கூடங்களுக்குக் கார்னெட் கப்பலேறியது. முறைகேடாக மணல் அள்ளப்படுவதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து, தமிழக அரசு 2013இல் கடற்கரைக் கனிமங்களைத் தனியார் எடுப்பதை நிறுத்தியது. உலகச் சந்தையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கார்னெட்டுக்குத் தனியிடம் உண்டு. கரையோர மக்களின் வீடும் மீன்பிடித் துறையும் அரிப்புக்கு ஆளாகும் அச்சம் ஒரு பக்கம்; இரும்பை அறுக்கத் தேவைப்படும் மணல் மறுபக்கம். வெட்டுக்கூலி ஏறிவிட்டதே என்று குறைப்படுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

வெட்டி முடித்த மணல் உடைந்து, உலோகத் தூளுடன் கலந்து, தொட்டியின் அடியில் சேறாகப் படிகிறது. அதில் பெரிய மணிகளைச் சலித்துக் கழுவி உலர்த்தி மீண்டும் ஒருமுறை பயன்படுத்த முடியும். எஞ்சிய சேற்றைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. மணல் தீங்கற்றதுதான், ஆனால் ஈயமோ நிக்கலோ குரோமியமோ உள்ள உலோகத்தை வெட்டியிருந்தால் அத்தூளும் அதனுள்ளேயே இருக்கும்.

நீரிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரை அப்படியே பம்புக்கு விட்டால், கரைந்துள்ள உப்புகள் ரூபித் துளையின் விளிம்பில் படிந்து தாரையைச் சிதறடிக்கும். ஆகவே கடின நீரைச் சுத்திகரித்தே பயன்படுத்துகிறார்கள். தொட்டியின் ஆழமும் காரணத்தோடு வைக்கப்பட்டது. தகட்டை அறுத்த பின்னும் தாரையில் வலு மிஞ்சியிருக்கும். இரண்டு மூன்றடி ஆழ நீர் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் தொட்டியின் அடியையே ஓட்டையாக்கிவிடும்.

இவ்விடத்தில் தொழிலாளர் அறியவேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சூடில்லை, தீப்பொறியில்லை என்பதால் இது ஆபத்தற்றது போலத் தோன்றும். வெட்டுமுனை தகட்டுக்கு மேல் இரண்டு மூன்று மி.மீ. உயரத்தில்தான் நிற்கும், அவ்விடைவெளியிலோ, கசியும் உயரழுத்தக் குழாயின் அருகிலோ கை பட்டால், உறையைத் துளைத்துக்கொண்டு நீர் உட்புகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி. இரத்தம்கூட ஒரு துளியே வரும். முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே நீரும் மணலும் கிருமிகளும் தசைநார்களுக்கிடையே வெகுதூரம் பரவியிருக்கும். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அடிபட்டவரை உடனே அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 'கை வெட்டுப்பட்டது' என்று சொல்லக்கூடாது. 'உயரழுத்த நீர் உள்ளே புகுந்துவிட்டது, இத்தனை பார் அழுத்தம், இத்தனை மணிக்கு' என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதையே ஒரு அட்டையில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று, தகடு கொடுக்கப் போகும் நண்பர்கள் ஒரு கண் பார்த்துவிட்டு வாருங்கள்.